நேரே கேமராவா, முதலில் நாடகப் பயிற்சியா?

சிங்கப்பூரின் தமிழ்த் தொலைக்காட்சி ஒளிவழியான வசந்தத்தில் வரும் தொடரில் நடிக்க ஆசைப்படும் சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன.

தோற்றத்தை நம்பி நேரே கேமரா முன் நிற்பது முதல் வழி. பலன் சீக்கிரம் கிடைக்கும், மறுப்பதற்கில்லை. நல்ல படங்கள், இன்ஸ்டாகிராம், ஒரு விளம்பரம், அப்புறம் ஒரு சின்ன வேடம். ஆனால் மேக்கப், உடை, ஜிம் என்று செலவு கையைக் கடிக்கும். "கொஞ்சம் சதை போட்டுட்டீங்களே" என்ற ஒரு கமெண்ட் போதும், அன்றைய தூக்கம் போய்விடும்.

இரண்டாவது வழி பொறுமையைக் கேட்கும். சிங்கப்பூர் நாடகக் கலைஞர்கள் குவோ பாவ் குன்னும் டி. சசிதரனும் 2000-இல் தொடங்கிய பயிற்சித் திட்டம்தான் இன்றைய இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட் என்ற நடிப்புப் பள்ளி. மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பு. கேரளத்தின் கூடியாட்டம், ஜப்பானின் நோ, சீனாவின் பெய்ஜிங் ஓபரா, ஜாவாவின் வயாங் வோங் என்று பல மரபு நாடகங்களும் உண்டு. கூடியாட்டத்தில் கண்ணுக்கென்றே தனிப் பயிற்சி: தலை அசையாமல் விழியை மட்டும் மேலும் கீழும், பக்கவாட்டிலும், வட்டமாகவும் உருட்ட வேண்டும். முகம் அழகாக இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. அது வேலை செய்கிறதா என்பதுதான்.

வேலையை விட முடியாதவர்கள் ரவீந்திரன் நாடகக் குழு, அவாண்ட் தியேட்டர் போன்ற தமிழ்க் குழுக்களை அணுகிப் பார்க்கலாம்.

என் ஓட்டு பயிற்சிக்குத்தான். கவர்ச்சி தப்பில்லை, பயிற்சி பெற்றவர் அதையும் ஒரு வேடமாகப் போட்டுக் கழற்றுவார். ஒரே தொல்லை, மேடைப் பழக்கத்தில் குளோசப்பிலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசுவார்கள். அதை இயக்குநர் பார்த்துக்கொள்வார்.