பாதி விலைக்குக் கிடைத்தாலும்: ஜிம் கிளைகளுக்கான மேப் சாஃப்ட்வேர், நீண்ட நாள் அனுபவம்

சந்தா பாதியாகக் குறைந்ததிலிருந்து ஜிம் நடத்துகிற நண்பர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: "அண்ணா, நீங்க வெச்சிருக்கிற அந்த மேப் சாஃப்ட்வேர எடுக்கலாமா?" கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், தர்மபுரி என்று நான்கு ஊர்க் கிளைகளின் உறுப்பினர் கணக்கையும் அதில்தான் பார்த்து வருகிறேன். யார் எங்கிருந்து வருகிறார்கள், அடுத்த கிளையை எங்கே போடலாம் என்பதற்காக வாங்கியது. வசதிகளின் பட்டியல் விற்பனை விளம்பரத்திலேயே இருக்கிறது, அதைத் திரும்பச் சொல்லவில்லை.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்கோடு.

நம் பக்கத்து முகவரி எப்படி இருக்கும்? கதவு எண், மாரியம்மன் கோயில் தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம். இவ்வளவு எழுதினாலும் இந்த சாஃப்ட்வேருக்குப் புரிவது கடைசி ஆறு இலக்கம் மட்டும்தான். பின்கோடு 1972-ல் தபாலைப் பிரிப்பதற்காக வந்த ஏற்பாடு. ஒரே எண்ணுக்குள் பல கிளை அஞ்சலகங்களும் அவற்றைச் சேர்ந்த கிராமங்களும் அடங்கும். 635112 என்று கண்டதும் இது காவேரிப்பட்டணத்தில் ஒரு புள்ளி வைத்து, அந்த எண்காரர்கள் அத்தனை பேரையும் அதன் மேலேயே குவித்துவிடுகிறது. ஜிம்முக்கு அடுத்த தெருவில் இருப்பவரும், தென்பெண்ணைக்கு அக்கரையிலிருந்து பாலம் சுற்றி வருபவரும் அதற்கு ஒரே வீட்டுக்காரர்கள்.

சரி, கையால் திருத்திக்கொள்ளலாம் என்று இறங்கினோம். அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் இடம் பிடித்துவிடலாம், இரண்டே இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப்போகும். ரிசப்ஷனில் இருக்கும் பெண்கள் பொறுமையாக ஒவ்வொருவரிடமும் கேட்டு நான்கு இலக்கத்தோடு ஏற்றினார்கள். மேப் அருமையாக விரிந்தது. மாதம் பிறந்ததும் தானியங்கி அப்டேட் ஓடியது. முகவரியில் பின்கோடு இருந்தால் அதுவே செல்லும் என்று உள்ளே ஒரு விதி. ஏற்றின புள்ளிகள் எல்லாம் பழையபடி அந்த ஒற்றை இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

இது ஒரு தடவை நடந்த விஷயம் அல்ல. மாதா மாதம் நடக்கிறது. கஸ்டமர் கேரில் மரியாதையாகப் பேசுகிறார்கள், குறித்துக்கொள்கிறார்கள், அடுத்த மாதம் மறுபடி அதே கதை. மனிதர்கள் உட்கார்ந்து கேட்டுச் சேர்த்த தகவலை அழிக்க ஒரு மெஷினுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருகிறது.

அந்தத் தகவலைச் சேர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். வீட்டை மேப்பில் காட்டச் சொன்னபோது பெண் உறுப்பினர்கள் தயங்கினார்கள். அது நியாயமான தயக்கம். ஓட்டம், சைக்கிள் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் 2017 நவம்பரில் வெளியிட்ட ஹீட்மேப்பில் (ஆட்கள் அதிகம் ஓடிய பாதைகளைப் பளிச்சென்று காட்டும் மேப்) ராணுவ முகாம்களின் அமைப்பே தெரிந்துபோனதை 2018 ஜனவரியில் உலகமே பேசியது. பெயரே இல்லாத ஓட்டப் பதிவுகளுக்கே அந்த நிலைமை. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் வாங்கு, தேவையானதை மட்டும் வாங்கு என்றுதான் சொல்கிறது. அதனால் கேள்வியை மாற்றினோம்: "உங்க வீட்டுக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப் எது? வேலை முடிஞ்சு எங்க இறங்குவீங்க?" இதற்கு எல்லோரும் தயங்காமல் பதில் சொன்னார்கள். கிளைக்கு இடம் பார்க்க இந்த அளவு துல்லியம் தாராளமாகப் போதும்.

இந்தக் கேள்வியால்தான் சாஃப்ட்வேரின் மிகச் சிறந்த வசதி எனக்குப் பிடிபட்டது. அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

வழக்கமாக எல்லோரும் கிளையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் போடுவார்கள். கிருஷ்ணகிரியில் அப்படிப் போட்டால் சையத் பாஷா மலையின் பாறையும் வட்டத்துக்குள் வரும். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறவர், அண்டர்பாஸ் வரை போய்த் திரும்ப வேண்டியிருப்பதும் வட்டத்துக்குத் தெரியாது. இதில் டூவீலரில் பத்து நிமிடத்துக்குள் எங்கிருந்தெல்லாம் வரலாம் என்று சாலை வழியாகவே எல்லை போட்டுத் தரும். காருக்கு வேறு, டூவீலருக்கு வேறு. நம் உறுப்பினர்களில் காரில் வருகிறவர் எத்தனை பேர்? டூவீலரைத் தனியாக யோசித்தவர் யாரோ நம் ஊர்களைத் தெரிந்தவர்தான்.

அதோடு விரல்ரேகை மெஷினின் பஞ்சிங் நேரத்தைச் சேர்த்துப் பார்த்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து பத்து நிமிட எல்லைக்குள் இருக்கிறார்கள். சாயங்காலக் கூட்டத்தின் வீடுகள் எல்லைக்கு எங்கோ வெளியே கிடக்கின்றன. ஓசூர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பையோடு நேராக ஜிம்முக்கு வருகிறார்கள். அவர்கள் இறங்குமிடத்தை வைத்துக் கணக்கிட்டால் அவர்களும் எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். காலையில் ஒரு ஊர், சாயங்காலம் வேறொரு ஊர். பர்கூரில் குடியிருப்புப் பகுதியை விட்டுவிட்டு, சிப்காட் வேன்கள் ஆளிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாடி பிடித்தோம். வாடகை கூடுதல்தான், ஆனால் சாயங்கால பேட்ச் நிறைந்திருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. போட்டி ஜிம்முக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று போன் சிக்னலை வைத்து ஒரு எண்ணிக்கை தருவார்கள். அதை நம்பாதீர்கள். நம் ஊர்களில் கீழே பேக்கரி, நடுவில் துணிக்கடை, அதற்கு மேலேதான் ஜிம். ஜிபிஎஸ்ஸுக்கு உயரக் கணக்கு எப்போதும் பலவீனம், கட்டடத்துக்குள் இன்னும் மோசம். பேக்கரியில் பப்ஸ் சாப்பிடுகிறவரும் ஜிம் கணக்கில் ஏறிவிடுவார். மக்கள்தொகை விவரம் 2011 கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. ஓசூர் 2019-ல் மாநகராட்சியே ஆகிவிட்டது, ஆனால் அடுத்த கணக்கெடுப்பு வராததற்கு இவர்களைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் பங்குதாரர் புதுப்பிக்கலாம் என்கிறார். பர்கூர் ஒன்றே இத்தனை வருடச் சந்தாவையும் ஈடுகட்டிவிட்டதாம். கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆனாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான். பாதி விலை என்ன, கால் விலைக்குக் கொடுத்தாலும், ஏற்றின புள்ளியைத் தொடமாட்டோம் என்று அவர்கள் எழுதித் தரும்வரை வாங்காதீர்கள். ரிசப்ஷன் பெண்கள் மறுபடி மறுபடி அதே பட்டியலை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒரு மாதம்கூடப் பணம் கட்ட முடியாது.

நிறுத்தப் போகிறேன். பஸ் ஸ்டாப் பட்டியல் எங்களிடம் எக்செல்லில் பத்திரமாக இருக்கிறது. க்யூஜிஐஎஸ் என்ற மேப் சாஃப்ட்வேர் இலவசம், பொதுமக்களே சேர்ந்து வரைந்த ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலைகளும் இலவசம், புள்ளிகளை க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்ற ஆரம்பித்துவிட்டோம். வைத்த புள்ளி வைத்த இடத்திலேயே இருக்கிறது. இலவசமாக நேர எல்லை போட்டுத் தரும் ஓபன்ரூட்சர்வீஸையும் பார்த்தேன். அதில் காருக்கு, சைக்கிளுக்கு, நடைக்கு இருக்கிறது, டூவீலருக்கு இல்லை. அதற்கு வழி தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.