பெட்ரோல் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ஸென்று சத்தமா? பம்ப்பை மாற்ற உடனே தலையாட்டாதீர்கள்

பெங்களூரில் கார் வைத்திருக்கும் நம் ஆட்கள் யாரும் என்னைப் போல ஏமாறக் கூடாது. எனக்குப் போனது 31,400 ரூபாய்.

அப்பாவின் ஆபரேஷனுக்காக மூன்று மாதம் சேலத்தில் இருந்தேன். அதுவரை கார் கே.ஆர்.புரத்தில், வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் நின்றது. திரும்பி வந்து எடுத்தால் புதுத் தொல்லை. முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் திக்கித் திணறி, ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் இழுக்காமல் அணைந்துவிடும். ஒருநாள் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். பின்னால் வந்த பஸ் அடித்த ஹாரனை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

வெளிவட்டச் சாலையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கே வண்டியை வாங்கியவர் கிருஷ்ணகிரிக்காரர். “நம்ம ஊரு சார் நீங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். தமிழ் கேட்டதும் மனசு இளகிவிட்டது, உண்மைதான். மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் வருகிறது, திறந்து மூடினால் வண்டி மறுபடி ஓடுகிறது என்று அவரிடம் தெளிவாகச் சொன்னேன். “எல்லா வண்டியிலும் வரும் சார்” என்று தள்ளிவிட்டார். ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறு எண் வந்தது. எஞ்சினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைவு என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஏன் குறைவு என்று அது சொல்லாது. அவர்களோ டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலை அனுப்பும் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி மாற்றினார்கள். சரியாகவில்லை. அடுத்து, எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள். அதற்கப்புறம் “கலப்பட பெட்ரோல் சார்” என்று டேங்க்கை இறக்கிக் கழுவினார்கள். கழற்றிய பழைய பம்ப்பைக் கேட்டேன். “கம்பெனிக்கு அனுப்பிட்டோம்” என்றார்கள்.

கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் அல்சூரில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பினார். சத்தத்தைச் சொன்னதுமே, “தம்பி, மூடியைத் தளர்த்தி விட்டுட்டு ஒரு ரவுண்டு போலாம் வாங்க” என்றார். ஒரு மணி நேரம் சுற்றினோம். ஒருமுறைகூடத் திணறவில்லை. மூடியை இறுக்கி ஓட்டினோம், பழையபடி நின்றது. அவ்வளவுதான் சோதனை.

டேங்க்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் கேனிஸ்டர் என்கிற கரிப்பெட்டி பிடித்து வைக்கும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு வழியாக அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். உறிஞ்சியதற்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வென்ட் குழாய் ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் டேங்க்குக்கே மூச்சு முட்டும். பிள்ளைகள் ஸ்ட்ராவில் உறிஞ்ச உறிஞ்ச ஜூஸ் டப்பா ஒட்டிப்போகுமே, அதே கதை. பம்ப் எவ்வளவு புதிதாக இருந்தால் என்ன, பெட்ரோலை இழுக்க முடியாமல் தவிக்கும். இந்த நிலையில் காற்றை உள்ளே விடத்தான் மூடியிலும் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. என் மூடியில் அதுவும் அழுக்கேறி ஒட்டிக்கிடந்தது.

அவர் வண்டியைத் தூக்கி, கேனிஸ்டரின் வென்ட் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தார். மண் கொட்டியது. குளவிக் கூடு! மூன்று மாதம் சும்மா நின்ற வண்டியில் குளவி வீடு கட்டியிருக்கிறது. புது மூடியோடு சேர்த்து 900 ரூபாய் வாங்கினார்.

உங்கள் வண்டிக்கும் இந்த அறிகுறி இருந்தால், முதலில் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் மெக்கானிக் கூட இருக்கும்போது. சோதனைக்கு மட்டும்தான், அப்படியே ஓட்டித் திரியாதீர்கள், பெட்ரோல் ஆவி ஆபத்து. வென்ட் குழாயை வண்டியில் மாட்டியபடியே கம்ப்ரஸர் காற்றை அடிக்க விடாதீர்கள், டேங்க் பக்கம் அழுத்தம் ஏறும். பங்க்கில் கன் தானாக நின்ற பிறகு “ரவுண்டா போட்டுடவா சார்” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் இறங்கிக் கரி பாழாகும். எதையாவது மாற்றச் சம்மதித்தால், பழைய பாகம் எனக்கே வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே, செய்யப்போகும் வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். நான் எழுத வைக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்கு மூன்று முறை போய்க் கேட்டுவிட்டேன், பணம் தர முடியாதாம். மூன்று பில்லையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த மண்கட்டியையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.