வீடியோ எடுக்கச் சொல்லும் முன் ரசீதைத் திருப்பிப் பாருங்க

கூத்து, திருவிழா, கல்யாணம், எதுக்கு வீடியோ எடுக்கச் சொல்றதா இருந்தாலும் இதைப் படிச்சுட்டுப் போங்க.

எங்க ஊர் பென்னாகரம் பக்கம். பங்குனியில திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, வாத்தியார் எங்க பெரியப்பா. வயசு 68. இந்த வருஷத்தோட கர்ணன் வேஷத்தை விட்டுடறேன்னார். கர்ணன் சாகற பதினேழாம் போர் ராத்திரி முழுசும் எடுத்து வைக்க, அண்ணன் தம்பிங்க சேர்ந்து 22,000 ரூபாய் போட்டோம்.

தருமபுரி டவுன்ல இருந்து ஒரு வீடியோக்காரர் வந்தார். வேலையில குறை சொல்ல முடியாது, கூத்துல ஊதற முகவீணைக் குழல் சத்தம்கூட அவ்வளவு தெளிவா விழுந்திருந்தது.

கொடுத்த விதத்துலதான் கோளாறு. பென் டிரைவ்ல கேட்டோம். "4 ஜிபிக்கு மேல இருக்கற ஃபைல் அதுல ஏறாதுண்ணா, கூகுள் டிரைவ் லிங்க் தர்றேன், காலத்துக்கும் இருக்கும்"னார். நம்பி மீதிப் பணத்தைக் கொடுத்துட்டோம். அந்த 4 ஜிபி கணக்கு ஃபேட்32-ங்கற முறையில ஃபார்மேட் பண்ணின பென் டிரைவுக்குத்தான். எக்ஸ்ஃபேட்ங்கற முறைக்கு மாத்தினா ஏறிடும்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

லிங்க்ல பார்க்க முடிஞ்சது, டவுன்லோடு பட்டனைக் காணோம். பார்க்கறவங்க இறக்க முடியாதபடி ஃபைலோட சொந்தக்காரர் அதை அணைச்சு வைக்கலாமாம். கேட்டா, "சரி பண்றேண்ணா." இப்படியே ரெண்டு மாசம். ஒரு நாள் திறந்தா, அனுமதி கேட்கச் சொல்லுது. இத்தனை நாளும் அடுத்தவர் வீட்டுச் சாமானை ஜன்னல் வழியா பார்த்துட்டு இருந்திருக்கோம். அவர் ஜன்னலைச் சாத்திட்டார்.

அடுத்த வாரமே ராத்திரி மொத்தமும் அவர் யூடியூப் சேனல்ல ஓடுது. முன்னாடி எங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பின 12 நிமிஷத் துண்டை ஜமா சேனல்ல போட்டிருந்தோம். அதுக்குக் காப்புரிமைப் புகார் கொடுத்துத் தூக்க வெச்சுட்டார். எங்களுக்கு ஒரு ஸ்டிரைக், அதாவது யூடியூப்போட எச்சரிக்கை. 90 நாளுக்குள்ள மூணு ஆனா சேனலே போயிடும்.

1957 காப்புரிமைச் சட்டத்துல 17-வது பிரிவு நமக்குச் சாதகம்தான். காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே படத்தோட முதல் உரிமை, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும். அந்த 'இல்லாத வரைக்கும்'தான் எங்களைக் கடிச்சது. ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல "அனைத்து உரிமைகளும் ஸ்டூடியோவுக்கே". கீழே பெரியப்பா கையெழுத்து. விடியக்காலையில, அரிதாரம்கூடக் கலைக்காம போட்டது.

ஆடினவருக்குன்னு 38-வது பிரிவுல தனி உரிமை இருக்கு, 50 வருஷத்துக்கு. அதை வெச்சு யூடியூப்புக்கு மறுப்பு அனுப்பியிருக்கேன். என் பேரும் விலாசமும் அவருக்குப் போகும்னு எச்சரிச்சாங்க. போகட்டும், எங்க வீட்ல மூணு வேளை சாப்பிட்டவர்தானே. 10 வேலை நாளுக்குள்ள அவர் கோர்ட்டுக்குப் போனதா காட்டலைன்னா எங்க துண்டு திரும்ப வரும். இன்னைக்கு நாலாவது நாள்.

ஃபைல் ஹார்டு டிஸ்க்ல கைக்கு வந்து, வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு தரம் ஓட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்க. எங்க சம்மதம் இல்லாம எங்கேயும் ஏத்தக் கூடாதுன்னு ரசீதுலேயே எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்குங்க.

"லிங்கு திறக்குதா?"ன்னு பெரியப்பா தினமும் சாயங்காலம் கேட்கறார். அந்த சேனல்லயே பாருங்களேன்னா, "நான் பார்த்து அவனுக்கு வியூ ஏத்தணுமா?"ன்னு போனைத் தள்ளி வெச்சுடறார்.