அம்பாசடர் கார்ப்ரேட்டர் டியூனிங்: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு நல்ல பட்டறை

எஸ்யூ கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய 1489 சிசி அம்பாசடர் வைத்திருக்கிறீர்களா? பாலக்காடு, பொள்ளாச்சி வட்டாரமாக இருந்தால் வேறு எங்கும் அலைய வேண்டாம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில், தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. வாசலில் நிற்கும் பழைய வண்டிகள்தான் அடையாளம்.

என்னுடையது 1976 மாடல் மார்க் 3. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும், மேட்டில் இழுக்காது, சைலன்சரில் கரும்புகை. முன்பு காட்டிய ஒரு பட்டறையில் ஐடிலிங்கை (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) மட்டும் கூட்டி அனுப்பிவிட்டார்கள். இந்த மேஸ்திரி வந்ததும் கார்ப்ரேட்டரைத் தொடவே இல்லை. "முதல்ல கரண்டைப் பார்ப்போமுங்க, பெட்ரோல் எங்கயும் போயிடாது" என்று டேப்பட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் (கரண்டை விட்டுவிட்டுக் கொடுப்பது), டைமிங் (பிளக் பொறி விழும் நேரம்) மூன்றையும் சரிசெய்தார். நான் அவரை நம்பத் தொடங்கியது அங்கேதான்.

அப்புறம் கார்ப்ரேட்டரின் மேல் டப்பாவைக் கழற்றி, அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை (இன்ஜின் பிஸ்டன் இல்லை) வெறும் பெட்ரோலில் கழுவினார். எமரி தாள் பக்கமே போகவில்லை. அந்த டப்பாவும் பிஸ்டனும் ஜோடி பார்த்துக் கடைந்தவை, தேய்த்தால் போச்சு. மாட்டியபின் பிஸ்டனைத் தூக்கி விட்டார். எங்கும் சிக்காமல் 'டக்' என்று விழுந்தது. அதற்குப் பிறகுதான் பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் டேம்பரில் ஆயில்.

ஜெட்டுக்கு (பெட்ரோல் வரும் துளை) அடியில் உள்ள ஆறு பட்டை நட்டை முழுக்க மேலே ஏற்றி, இரண்டு சுற்று இறக்கி, இன்ஜினைச் சூடாக்கினார். பிறகு நட்டை ஒவ்வொரு பட்டையாகத் திருப்பி, பிஸ்டனைக் கால் நூல் (ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு) அளவுக்கு மட்டும் தூக்கிப் பார்த்தார். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. துளி ஏறி உடனே பழைய வேகத்துக்கு இறங்கினால் சரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தோப்பில் இரைகிற போதெல்லாம் கையை எடுத்துவிட்டு, காற்று அடங்கும் வரை காத்திருந்தார். என்னையும் குனிந்து கேட்கச் சொன்னார். வித்தியாசம் எனக்கே தெரிந்தது. இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்று பெட்ரோல் ஹோஸையும் மாற்ற வைத்தார்.

ஆட்களை ஏற்றிக்கொண்டு போத்துண்டி வழியாக நெல்லியாம்பதி போய்ப் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் திணறவே இல்லை. இறங்கி வந்து பிளக்கைக் கழற்றினால் கரி இல்லை, நல்ல பழுப்பு.

குறையும் உண்டு. சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைக்காது, போனையும் எடுக்க மாட்டார். கார்ப்ரேட்டர் ஊசி, ஜெட் கைவசம் இருக்காது. கோவையில் நாமே வாங்கிப் போக வேண்டும். கூலி 1,500 ரூபாய், கேஸ்கட் தனி. பத்மினி கார் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள், அந்த கார்ப்ரேட்டரை இவர் எடுப்பதில்லை. ஞாயிறு லீவு.