போலரைசர் ஃபில்டர்: மெரினா டைம்லாப்ஸ் முதல் குத்துவிளக்கு வரை

என் கேமரா பையைத் திறந்தால் நண்பர்கள் முதலில் விசாரிப்பது சர்குலர் போலரைசரைப் பற்றித்தான். லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் இது, வளையத்தைத் திருப்பினால் ஒரே தளத்தில் அதிரும் ஒளியைத் தடுக்கும். வானம் நல்ல நீலமாக வருமா, பளபளப்பு போய்விடுமா என்று கேட்பார்கள். எங்கே நின்று எதை எடுக்கிறோம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் எடுப்பவை இரண்டு வகை. ஒன்று, கடற்கரை, ஏரி, சதுப்புநிலம் என்று டைம்லாப்ஸ், அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடவிடும் வீடியோ. இன்னொன்று, மயிலாப்பூர்ப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருப்பவர்களுக்குக் குத்துவிளக்கு, எவர்சில்வர், வெள்ளிச் சாமான் படங்கள். பையில் இருப்பது ஒரே 77 மி.மீ. ஃபில்டர்தான். சின்ன லென்ஸ்களில் அதைப் பொருத்த ஸ்டெப்-அப் ரிங் என்ற இணைப்பு வளையம் போட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக இதே ஏற்பாடு.

முதலில் வானம். சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் இருக்கும் வானத்தில்தான் போலரைசரின் வேலை முழுதாகத் தெரியும். சூரியன் இருக்கும் திசையிலும் அதற்கு நேர் எதிர்த்திசையிலும் வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் வானம் அப்படியேதான் இருக்கும். மெரினாவில் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியன் கடலுக்கு மேல், மாலையில் நம் முதுகுப்பக்கம். ஆகவே கடலை நேராகப் பார்த்து எடுக்கும் காலை, மாலை வானத்துக்கு இந்த ஃபில்டர் உதவாது. அதே மணலில் வடக்கே திரும்பித் துறைமுகப் பக்கமோ, தெற்கே கலங்கரை விளக்கத்தின் பக்கமோ கேமராவை வைத்தால் வானம் கறுத்து மேகம் தனியாக எடுத்துக்காட்டும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் சென்னைக்கு நேர் மேலே வரும். அப்போது அடிவானத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பலன் உண்டு. ஈரப்பதத்தால் வானம் வெளிறிக் கிடக்கும் நாளில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அதே இடத்தில் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

டைம்லாப்ஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நாம் திருப்பி வைத்த கோணம் போகப்போகப் பொருந்தாமல் போகும். விநாடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் 10 விநாடி வீடியோவுக்கு 250 படங்கள் வேண்டும். 4 விநாடிக்கு ஒரு படம் என்றால் சுமார் 17 நிமிட வேலை. மேகம் ஓடுவதற்கு இந்த இடைவெளி எனக்குப் பிடித்தது, போலரைசரும் இந்த நேரத்துக்குத் தாராளமாகத் தாங்கும். நிழல் நகர்வதைக் காட்ட இரண்டு மணி நேரம் எடுக்கப் போகிறேன் என்றால் அதைக் கழற்றி வைத்துவிடுவேன். 24 மி.மீ.யை விடக் குறைந்த, அதாவது இன்னும் அகலமாகக் காட்சியைப் பிடிக்கும் லென்ஸிலும் அப்படித்தான், வானத்தின் நடுவில் கருநீலப் பட்டை விழும். சுழலும் தலையில் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுக்கும்போதும் வானத்தின் நிறம் ஓரத்துக்கு ஓரம் மாறிக்கொண்டே வரும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

தண்ணீர் வேறு கதை. நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது அதன் மேலுள்ள பளபளப்பைப் போலரைசர் ஏறக்குறைய முழுதாக நீக்கிவிடும். பாசியும் அடியில் இருக்கும் கல்லும் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் அதுவா நமக்கு வேண்டும்? அங்கே தண்ணீரில் விழும் மேகம்தான் படம். வளையத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிரதிபலிப்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நேப்பியர் பாலத்தின் வண்ண விளக்குகள் கூவத்தில் விழும் இரவுக் காட்சிக்கு நான் போடுவதே இல்லை. இந்த ஃபில்டர் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), இருட்டில் அதை இழக்க எனக்கு மனம் வராது.

பகலில் அதே இழப்பு உதவிக்கு வருகிறது. டைம்லாப்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் பாதி அளவுக்கு ஷட்டர் திறந்திருந்தால் அலையும் மேகமும் வெட்டி வெட்டித் தெரியாமல் வழுவழுவென்று ஓடும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் 16 (லென்ஸின் சிறிய துளை) வைத்தால் ஷட்டர் சுமார் 1/100 விநாடி. வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டரும் போலரைசரும் சேர்ந்தால் அது கிட்டத்தட்ட 2 விநாடியாக நீளும். வெளிச்சத்தை ஒரே திருகலில் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்.டி.யை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதுவே இரண்டு போலரைசர்களின் கூட்டு என்பதால் அகல லென்ஸில் குறுக்கே பெருக்கல் குறி போல இருள் படியும். ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ், எக்ஸ்போஷர் மூன்றும் மேனுவலில் இருக்கட்டும், கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி வீடியோ துடிக்கும் ஃபிளிக்கர் தொல்லை பாதி குறையும்.

இனி பித்தளை. நிறையப் பேர் பணத்தை வீணடிப்பது இங்கேதான். கண்ணாடி, தண்ணீர், இலை, வார்னிஷ், எனாமல் பெயின்ட் இவற்றின் பளபளப்பைப் போலரைசர் அடக்கும். மெருகேற்றிய உலோகத்தின் பளபளப்பை அடக்காது, ஏனென்றால் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி மற்றவற்றைப் போல ஒரே தளத்துக்கு ஒழுங்குபடுவதில்லை. கொலு பொம்மையின் எனாமல் முகத்தில் அற்புதமாக வேலை செய்யும் அதே ஃபில்டர், பக்கத்தில் இருக்கும் நாச்சியார்கோயில் விளக்கில் வெளிச்சத்தைக் குறைப்பதோடு சரி.

குத்துவிளக்கை எடுக்கும்போது நாம் உண்மையில் எடுப்பது அதில் தெரியும் அறையைத்தான். அதனால் அறையை மாற்ற வேண்டும். நான் இரண்டு பக்கமும் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதற்கு வெளியே மின்விளக்குகளை வைக்கிறேன். மின்விளக்கைத் துணிக்கு அருகில் கொண்டுவந்தால் நடுவில் பிரகாசமும் ஓரத்தில் மங்கலும் வரும், உலோகத்துக்கு உருண்டை வடிவம் அதில்தான் கிடைக்கிறது. எல்லாப் பக்கமும் வெள்ளையாக மூடினால் பித்தளை பிளாஸ்டிக் மாதிரி செத்துப்போகும். ஓரங்களில் கறுப்பு சார்ட்டை ஒட்டிய தெர்மாகோல் துண்டுகளை நிறுத்தினால் தண்டின் கடைசல் கோடுகள் கூர்மையாக எழும். லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்புத் துணிக்குப் பின்னால் கேமரா நிற்கட்டும். 100 மி.மீ. லென்ஸில் தள்ளி நின்று எடுத்தால் குமிழில் தெரியும் நம் உருவமும் சிறுத்துவிடும்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கு, கொஞ்சம் சாய்ந்த கோணத்தில் போலரைசர் உதவும். ஒளிக்கு முன்னாலும் ஒரு போலரைசர் தாள், லென்ஸில் குறுக்காக இன்னொன்று என்று வைத்தால் உலோகத்தின் மினுக்கும் போகும் என்பது உண்மை. ஆனால் ஓவியத்தில் ஒட்டியிருக்கும் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, பழுப்பாக இருண்டுவிடும். மினுக்குப் போனபின் அது தங்கமாகத் தெரிவதில்லை. வைரத்துக்கும் நான் போலரைசரைத் தொடமாட்டேன்.

சென்னைக் காற்றில் ஃபில்டரின் ஆயுள் நம் கையில்தான் இருக்கிறது. கடற்கரையிலிருந்து வந்ததும் உப்புப் படலத்தை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், கோடு விழும். முதலில் ஊதி மணலைப் போக்கிவிட்டு, ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் உலர்த்துங்கள். வளையத்தில் மணல் புகுந்தால் திருப்பும்போது நெறுநெறுவென்று கேட்கும். கத்திரி வெயிலில் காரின் டாஷ்போர்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம், உள்ளே இருக்கும் படலம் ஓரத்திலிருந்து பிரியக்கூடும். ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் கடற்கரைக்குப் போகும்போது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வைத்திருங்கள், இல்லையென்றால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல்லை மட்டும் மழைக்காலத்தில் அடிக்கடி சூடாக்கி உலர்த்த வேண்டியிருக்கும். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே வெள்ளைத் தாளின் மேல் ஃபில்டரைப் பிடித்துப் பாருங்கள். தாள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிந்தால் அது வேண்டாம். இருக்கும் லென்ஸ்களில் பெரியதன் அளவுக்கு ஒன்றே ஒன்று, நல்லதாக வாங்கினால் போதும்.