என் குரலை நானே காசு கொடுத்து மீட்ட கதை

பாட்காஸ்ட், ஆடியோபுக் என்று குரல் வேலை செய்பவர்கள் புதிதாக எடிட்டிங் சாஃப்ட்வேர் எதற்காவது கார்டை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பெயர் வேண்டாம். "14 நாள் இலவசம், ஒரே கிளிக்கில் இரைச்சல் போச்சு" என்று விளம்பரம். ஆடாசிட்டி என்ற இலவச எடிட்டரே எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. ஃபேன் சத்தத்தோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் மாறினேன். ஆறு எபிசோடை அதிலேயே பேசி, வெட்டி, இசையும் சேர்த்தாயிற்று. 15ஆம் நாள் பார்த்தால் எக்ஸ்போர்ட் பட்டன் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

எந்த எடிட்டரிலும் திறக்கும் வேவ் (WAV) ஒலி ஃபைல்கள் தனியாக இருக்குமே என்று ஃபோல்டரைத் துழாவினேன். ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவர்களுடைய ப்ராஜெக்ட் ஃபைலுக்குள். அது வேறு எதிலும் திறக்காது. வேறு வழியில்லாமல் பணத்தைக் கட்டினேன்.

"மாதம் இவ்வளவு" என்பது கொட்டை எழுத்தில். "ஆண்டுத் திட்டம், மாதத் தவணையில்" என்பது பொடி எழுத்தில். மூன்றாம் மாதம் ரத்து செய்யப் போனபோது மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்டார்கள். மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் அட்சரம் பிசகாத ஒரே பதில்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அந்த இரைச்சல் நீக்கி செய்த வேலைதான் பெரிது. வாக்கியக் கடைசியில் குரல் இறங்குமே, அங்கே வரும் மெல்லொற்றை இரைச்சல் என்று நினைத்து விழுங்கியிருக்கிறது. "கதவைத் திறந்து உள்ளே வந்தான்" என்று நான் படித்தது "வந்தா" என்று வெளியானது. "யாருங்க அந்தப் பொண்ணு?" என்று நேயர் ஒருவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. நீக்குவதற்கு முந்தைய பதிவு? அதன் மேலேயே எழுதியிருந்தது.

இப்போது எதை நிறுவினாலும் முதல் நாளே ஒரு நிமிடம் பேசி, வேவாக எக்ஸ்போர்ட் செய்து, அதை வேறொரு சாஃப்ட்வேரில் திறந்து பார்க்கிறேன். திறக்கவில்லையா, அன்றோடு சரி. மூலப்பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவாகத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் எடிட்டிங்கில் கை வைப்பேன். ஆடாசிட்டியிலும் இதையே செய்யுங்கள்; அதன் ப்ராஜெக்ட் ஃபைலும் தனி ரகம்தான், ஆனால் எக்ஸ்போர்ட்டுக்குப் பூட்டு இல்லை. பல டிராக் இசை வேலைக்கு ரீப்பர் என்ற சாஃப்ட்வேர் 60 நாள், எந்த வசதியையும் மறைக்காமல் சோதித்துப் பார்க்க விடுகிறது. இரைச்சலைப் பொறுத்தவரை, ஆடிபிளில் ஆடியோபுக் வெளியிட உதவும் ஏசிஎக்ஸ் தளம் கேட்பது மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே. ஃபேனை அணைத்து, பின்னால் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டதில் எனக்கு அது கிடைத்துவிட்டது. வெட்கக்கேடு.

நான்கு எபிசோடை மறுபடி பேசி முடித்துவிட்டேன். மீதி இரண்டும் பேட்டி. அதே பதிலை அதே சிரிப்போடு திரும்பச் சொல்லுங்கள் என்று அவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பது?