மீன் குட்டைக்கு வாங்கிய நீர்ப் பரிசோதனைப் பெட்டி: பத்து மாதம் பயன்படுத்திய பிறகு

போன ஐப்பசியில் இரண்டு நாள் வெயிலே இல்லாமல் வானம் மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் ராத்திரி மழை கொட்டியது. விடிந்ததும் போய்ப் பார்த்தால் எங்கள் குட்டையில் கட்லாவும் ரோகுவும் கரையோரம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. உயிரோடு இருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நானூறு குஞ்சு விட்டிருந்தோம். எண்ணிப் பார்த்தபோது நூற்று எழுபது செத்திருந்தது. ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்கு மேல். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கடையில் விசாரித்தேன். நோய் என்று சொல்லி ஒரு பொடி கொடுத்தார்கள். போட்டேன். அடுத்த வாரம் இன்னொரு மூடல் நாளுக்குப் பிறகு மறுபடி இருபது மீன் போயிற்று. மீனுக்கு நோயா, தண்ணீருக்கு ஏதாவதா என்று தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு ரூபாய்க்கும் மருந்து வாங்குவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கார்த்திகையில் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

எங்கள் இடம் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். மாந்தோப்பின் பள்ளத்தில் பத்து சென்ட் பண்ணைக்குட்டை. நடுவில் ஆறடி ஆழம். பெட்டி 3,450 ரூபாய். மீன், இறால் வளர்ப்பவர்களுக்கென்று விற்கிற சொட்டு மருந்து வகைப் பெட்டி. இரண்டு மூன்று நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி விற்கின்றன, அதனால் பெயர் முக்கியமில்லை. உள்ளே பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, கடினத்தன்மை, காரத்தன்மை ஆகிய ஐந்து சோதனைகளுக்கான திரவங்கள், இரண்டு கண்ணாடிக் குழாய், மூடி போட்ட ஒரு கண்ணாடிக் குப்பி, நிற அட்டை, ஒரு வெப்பமானி. ஐம்பது தடவைக்கு வரும் என்று போட்டிருந்தது.

ஐந்தில் ஆக்சிஜன் சோதனை ஒன்றுக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம். 1888-இல் ஹங்கேரியைச் சேர்ந்த விங்க்லர் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த முறையைத்தான் சொட்டுக் கணக்காக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி நிரப்பி, உள்ளேயே மூட வேண்டும். முதல் திரவம் மாங்கனீசு, இரண்டாவது அயோடைடு கலந்த காரம். இரண்டையும் விட்டுக் குலுக்கினால் பழுப்பு நிறத்தில் திரிதிரியாகக் கட்டி, கீழே படியும். அந்தப் பழுப்புதான் ஆக்சிஜன் இருப்பதற்குச் சாட்சி. ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் அது வெள்ளையாகவே படிகிறது. அப்புறம் அமிலம் விட்டால் படிந்தது கரைந்து மஞ்சளாகும். மாவுக்கரைசல் ஒரு சொட்டு விட்டால் கருநீலம். கடைசித் திரவத்தை ஒவ்வொரு சொட்டாக எண்ணி விட்டுக்கொண்டே வர, நீலம் சட்டென்று மறையும். என் பெட்டியில் ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு அரை மில்லிகிராம் கணக்கு. பத்துச் சொட்டில் மறைந்தால் ஐந்து.

முதல் முறை செய்தது மதியம் மூன்று மணிக்கு. இருபத்திரண்டு சொட்டு, அதாவது பதினொன்று. பெட்டியோடு வந்த துண்டுத்தாளில் ஐந்துக்கு மேல் இருந்தால் நல்லது என்று இருந்தது. அப்படியென்றால் எங்கள் தண்ணீரில் குறையே இல்லை, பொடி கொடுத்தவர்கள் சொன்னதுதான் சரியோ என்று குழம்பிப் போனேன். ஒன்பதாவது படிக்கிற என் மகள்தான் கேட்டாள்: “மீன் செத்தது காலையிலதானேம்மா? நீ சாயங்காலம் பாத்தா என்ன தெரியும்?”

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். மூன்றே சொட்டு. ஒன்றரை மில்லிகிராம். அதே குட்டை, அதே இடம், பதினான்கு மணி நேர வித்தியாசம்.

தண்ணீரைப் பச்சையாக வைத்திருக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசி, பகலில் வெயிலை வைத்து ஆக்சிஜனை உண்டாக்குகிறது. 30 டிகிரித் தண்ணீர் காற்றிலிருந்து தானாகப் பிடித்து வைக்கக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான்; எங்கள் மேட்டு நிலத்தில் அதைவிடக் கொஞ்சம் குறையும். அதற்கு மேல் பதினொன்று வரை ஏறியது பாசியின் வேலை. ராத்திரியில் அதே பாசி மீனோடு சேர்ந்து மூச்சு விட்டு ஆக்சிஜனைத் தின்கிறது. அடியிலிருக்கும் சாணமும் மக்கிய தீவனமும் தம் பங்குக்கு எடுக்கின்றன. இரண்டு நாள் வெயில் இல்லையென்றால் பகல் வரவு வெகுவாகக் குறைந்துவிடும், ராத்திரிச் செலவு நிற்காது. தீவனத்தோடு வாரம் ஒரு கூடை சாணமும் நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன், மீன் நன்றாக வரட்டும் என்று.

இந்தப் பெட்டியில் எனக்கு இருக்கிற பெரிய குறை இதனால்தான். எத்தனை மணிக்கு அளக்க வேண்டும் என்று துண்டுத்தாளில் ஒரு வரி கிடையாது. பகலில் கடை வேலை, தோட்ட வேலை முடித்துவிட்டு மூன்று மணிக்கு அளக்கிற யாரும், குட்டையில் ஆக்சிஜன் ஏராளம் என்று எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். மீனைக் கொல்வது விடியற்காலை எண். மூடல் நாளில் கட்டாயம் அதைப் பார்க்க வேண்டும். தாள் முழுக்க ஆங்கிலத்தில் வேறு இருக்கிறது. வாங்குபவர்களில் பலர் தமிழ் மட்டும் படிப்பவர்கள் என்பது தயாரிப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. நானும் மகளும் தமிழில் எழுதி மூடிக்குள் ஒட்டிவிட்டோம். முதல் வரி: “விடியுமுன் ஒன்று, மதியம் மூன்றுக்கு ஒன்று.”

இன்னொன்றும் தாளில் இல்லை. குப்பியில் மிளகளவு காற்றுக்குமிழி தங்கினாலும் எண் தப்பாகிவிடும். குமிழியில் இருக்கிற ஆக்சிஜனும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். முதல் வாரம் எங்களுக்கு எண்கள் தாறுமாறாக வந்தது இதனால்தான்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்ததில் இன்னொரு பாடம். காலையில் ஆக்சிஜன் குறைந்தால் மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் விடு என்பதுதான் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிற வைத்தியம். குழாய் வாயிலேயே குப்பியைப் பிடித்துச் சோதித்தால் ஏறக்குறைய வெள்ளையாகப் படிந்தது. இரண்டு சொட்டு. பூமிக்கடியில் காற்றுப் படாமல் கிடந்த தண்ணீர்தானே! அதைக் குழாயோடு குட்டைக்குள் விட்டால் மீனுக்கு ஒரு பயனும் இல்லை. பழைய தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, நாலடி உயரத்தில் கட்டி, அதன் மேல் விழவிட்டோம். சொட்டுச் சொட்டாகச் சிதறி விழுந்த தண்ணீரைப் பிடித்துச் சோதித்தால் பதினொரு சொட்டு. தகரமும் கம்பியும் சேர்ந்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து பார்த்துவிட்டு அன்றைக்கே அவர் குட்டைக்கும் ஒன்று கட்டினார்.

பி.எச். சோதனை எளிது, நிறத்தைப் பார்த்து அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், நிழலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இதுவும் நேரத்தைப் பொறுத்து மாறுகிறது. பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் மதியத்தில் பி.எச். ஏறும். எங்களுக்குக் காலையில் 7.5, மதியம் 9. அம்மோனியா சோதனையை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அட்டை காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைத் தாக்குவது ஒரு வடிவம் மட்டும். 28 டிகிரியில், பி.எச். 7.5 என்றால் நூற்றில் இரண்டு பங்குதான் அந்த வடிவம், பி.எச். 9 ஆனால் நாற்பது பங்கு. ஆக்சிஜனுக்கு விடியற்காலை ஆபத்து என்றால் அம்மோனியாவுக்கு மதியம். ஒரே தண்ணீர், ஒரே நாள். இது புரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

கடினத்தன்மை சோதனையை மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். சிவப்பு நீலமாக மாறும்வரை சொட்டு விட வேண்டும். எங்கள் ஊர்த் தண்ணீருக்குச் சொட்டு அதிகம் பிடிக்கும், அதனால் அந்தக் குப்பிதான் சீக்கிரம் தீர்ந்தது.

பெட்டியில் இருந்திருக்க வேண்டிய, ஆனால் இல்லாத ஒன்று, தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்கிற செக்கி தட்டு. 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கி, எவ்வளவு ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். ஏரிகளுக்கு 20 சென்டிமீட்டர் தட்டில் கறுப்பும் வெள்ளையும் கால் காலாக அடித்துப் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் பழைய குண்டான் மூடியில் பெயின்ட் அடித்து, நைலான் கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுச் செய்தோம். மீன் குட்டைக்கு 30 முதல் 40 சென்டிமீட்டரில் மறைந்தால் நல்ல அளவு. இருபதுக்குள் மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, சாணத்தையும் தீவனத்தையும் நிறுத்த வேண்டும். சொட்டு மருந்தே செலவாகாமல் தினமும் பார்க்கலாம்.

பங்குனியில் மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கே.ஆர்.பி. அணைக்கு, அதாவது கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம். மீன் பிடிக்கிற அண்ணன் ஒருவர் பரிசலில் ஏற்றிக்கொண்டார். அன்றைக்குத் தண்ணீர் பட்டாணி அரைத்த பச்சை. தட்டு இருபத்திரண்டு சென்டிமீட்டரில் மறைந்துவிட்டது. மேல் தண்ணீரில் ஆக்சிஜன் பதினெட்டு சொட்டு. கல்லைக் கட்டிய குப்பியின் மூடியில் தனிக் கயிறு கட்டி, இருபதடி இறக்கி, கீழே போனதும் மூடியைச் சுண்டித் திறந்து எடுத்தோம். சரியான கருவி இல்லை, மேலே வரும்போது கொஞ்சம் கலந்திருக்கும். அப்படியும் நான்கு சொட்டில் நீலம் மறைந்தது. மேலே 29 டிகிரி, கீழே 26. சூடான தண்ணீர் லேசு, மேலே மிதக்கும். குளிர்ந்தது கனம், கீழே தங்கும். நம் ஊர் வெப்பத்தில் மூன்று டிகிரி வித்தியாசமே இரண்டையும் கலக்கவிடாமல் பிரித்து வைக்கப் போதும். கீழே வெளிச்சமும் போகாது, காற்றும் போகாது. “மழ பேஞ்சா கருப்புத் தண்ணி மேல வரும்மா, மீனு செத்து ஒதுங்கும்,” என்றார் அந்த அண்ணன். குளிர்ந்த மழை மேல் தண்ணீரைக் கனமாக்கி அடித் தண்ணீரைப் புரட்டிவிடுவதைத்தான் அவர் சொன்னார். என் குட்டையில் அந்த ராத்திரி நடந்ததும் அதுதான். மூடல் பாதி, புரட்டல் பாதி.

அணை ஏன் இவ்வளவு பச்சை என்ற மகளின் கேள்விக்கு இந்தப் பெட்டியால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இதில் பாஸ்பரசைக் காட்டும் பாஸ்பேட் சோதனை கிடையாது. அணைக்கு வரும் தென்பெண்ணை ஆறு நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவுநீரையும் வாங்கிக்கொண்டு வருகிறது. அதே ஆற்றில் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏரியைப் பச்சையாக்குவதில் பாஸ்பரசுக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கனடாவில் ஏரியை வைத்தே காட்டினார்கள். 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர், 226 என்று எண்ணிட்ட ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சையாயிற்று. ஏரியை அறிந்துகொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி வாங்குகிறவர்கள் பாஸ்பேட் குப்பியைத் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அடுத்த முறை அப்படித்தான் செய்யப்போகிறேன்.

பெட்டியைப் பார்த்ததும் ஊரில் எல்லோரும் கேட்பது, “இந்தத் தண்ணி குடிக்கலாமான்னு சொல்லுமா?” என்றுதான். சொல்லாது. நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்குத் தெரிய வேண்டியது ஃபுளோரைடு. பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். இதில் ஃபுளோரைடு சோதனை இல்லை; ஐந்து சோதனையும் நன்றாக வந்தாலும் குடிக்க நல்லது என்று அர்த்தமில்லை. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

அமிலக் குப்பியில் கவனம் தேவை. மூடி சரியாக இறுகாமல் கசிந்து என் சேலைத் தலைப்பில் ஓட்டை விழுந்தது, மகளின் விரலில் பட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். இப்போது பழைய டிபன் பாக்சில் துணி சுற்றி நிறுத்தி வைக்கிறேன். கையுறை போடாமல் அவளைத் தொடவிடுவதில்லை. சோதித்த தண்ணீரைக் குட்டையில் திருப்பி ஊற்றாமல் தனி வாளியில் சேர்த்துவைக்கிறோம். மாவுக்கரைசல் மூன்று மாதத்தில் பூஞ்சை பிடித்தது. திரவங்கள் தனியாகக் கிடைக்கின்றன. ஆக்சிஜனுக்கானது மட்டும் வாங்கினால் 600 ரூபாய். பெட்டியைத் திரும்ப வாங்க வேண்டியதில்லை. கடைக்காரர் முதலில் புதுப் பெட்டியைத்தான் காட்டுவார், கேட்டு வாங்குங்கள்.

பத்து மாதத்தில் மூன்று முறை விடியற்காலை எண் இரண்டுக்குக் கீழே போனது. மூன்று முறையும் தகரத்தின் மேல் மோட்டாரை விட்டோம். ஒரு மீன்கூடச் சாகவில்லை. சாணக் கூடை இப்போது மாமரத்துக்குப் போகிறது. இந்த வாரம் மறுபடி வானம் மூடிக்கொண்டிருக்கிறது. மகள் நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறாள்.